துப்பாக்கிக்குப் பேர் வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டா?

கேள்வி: 9 மார்ச் 2024, காலை

டேவி கிராக்கெட்டின் துப்பாக்கிக்குப் பெட்சி என்று பெயர். டேனியல் பூனுடையதற்கு டிக்-லிக்கர், அதாவது உண்ணிநக்கி. வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளுக்கு ஆள்போலப் பேர் வைப்பது அமெரிக்கக் காட்டுவாசிகளின் பழக்கம் என்பது என் கட்சி. நாம் ஆயுதத்துக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுவோம், பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். மறுப்பவர்கள் உதாரணத்தோடு வரவும்.

என் பதில்: 9 மார்ச், இரவு 10.40

சங்கிராம்.

அக்பரின் துப்பாக்கி. திரி வைத்துச் சுடுவது, வாய்வழி கெட்டிப்பது. 1568 பிப்ரவரியில் சித்தூர் கோட்டை முற்றுகையின்போது, உடைந்த மதிலருகே ஆட்களை ஏவிக்கொண்டிருந்த ஒருவரை அக்பர் இதால்தான் சுட்டார். விழுந்தவர் கோட்டைத் தலைவர் ஜெய்மல் என்று பிறகுதான் தெரிந்தது. டேவி கிராக்கெட் பிறக்க இன்னும் 200 வருஷத்துக்கு மேல் இருந்தது. கட்சி தோற்றது, தூங்கப் போகிறேன்.

10 மார்ச், காலை

நேற்று அவசரத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் கணக்கெழுதுகிறார்: பல ஆயிரம் துப்பாக்கிகளில் அரசரின் சொந்த உபயோகத்துக்கென்று பொறுக்கியவை 105. மாதத்துக்கு ஒன்றாக 12, வாரத்துக்கென்று 30, நாளுக்கென்று 32, மிச்சம் 31 கையிருப்பு. முதல் மாதமான ஃபர்வர்தீன் சங்கிராமுக்கு உரியது. எந்தத் துப்பாக்கியால் எத்தனை மிருகம் விழுந்தது என்றும் பதிவு உண்டு. சங்கிராம் கணக்கில் 1,019.

மகன் ஜஹாங்கீர் தன் நினைவுக்குறிப்பில் அதே துப்பாக்கியால் அப்பா மூவாயிரம் நாலாயிரம் பறவை, மிருகம் அடித்தார் என்கிறார். அப்பா போனபிறகும் வேட்டைக் கணக்கு வளர்ந்திருக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தாத்தா ஒரு சிறுத்தையை விரட்டினார் என்று என் சின்ன வயதில் கேட்டேன். இப்போது சித்தப்பா வாயில் அது இரண்டு.

10 மார்ச், மதியம்

கேட்டவர் திரும்ப வந்து, "ராஜாவுடையதை விடுங்கள், ராஜா எதற்கும் பேர் வைப்பார், சாதாரண ஆள் வைத்தானா என்பதுதான் கேள்வி" என்கிறார். கேள்வியை நடுவில் மாற்றுவது எந்த ஊர் நியாயம்? இருந்தாலும் சரி. மாற்றிய கேள்வி முதல் கேள்வியைவிட நன்றாக இருக்கிறது.

எங்கள் வீட்டுத் துப்பாக்கிக்குப் பெயர் செவிடி.

10 மார்ச், இரவு

ஒரு வரியோடு நிறுத்தியதற்குத் திட்டு விழுந்தது. எழுதுகிறேன்.

சிறுமலை அடிவாரம். தாத்தாவுக்கு வாழையும் கொஞ்சம் எலுமிச்சையும் இருந்தன. பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. குழல் மட்டும் என் தோளுக்கு மேல் உயரம் (எனக்கு அப்போது பத்து வயது). பெரும்பாலும் ரவை போட மாட்டார். மருந்து மட்டும் கெட்டித்து வானத்தைப் பார்த்து வெடிப்பார். சத்தத்துக்குப் பன்றி ஓடினால் போதும்.

கெட்டிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் ஊதிப் பார்ப்பார். கரிமருந்தை ஒரு மூங்கில் குப்பியில் அளந்து வாயில் கொட்டுவார். அதன்மேல் தேங்காய் நாரைச் சுருட்டிப் போட்டு இரும்புக் கம்பியால் இடிப்பார். கம்பி துள்ளித் திரும்புகிற சத்தம் 'டிக்' என்று மாற வேண்டும். மாறினால் கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் குதிரையை (சுத்தியல்போல அடிக்கும் பாகம்) பாதி இழுத்து வைத்து, கீழே முனையில் கேப் (அடித்தால் பொறி விடும் சின்ன வெடிமூடி) மாட்டுவார். இவ்வளவுக்கும் ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். பன்றிக்கு அவசரம், தாத்தாவுக்குக் கிடையாது.

அப்புறம் விசையை இழுத்தால் 'சட்' என்று கேப் மட்டும் வெடிக்கும். துப்பாக்கி பேசாது. இரண்டாவது கேப், அதற்கும் பேசாது. மூன்றாவதற்கு மலையே அதிரும். கூப்பிட்டவுடன் காது கேட்காது என்பதால் செவிடி.

11 மார்ச்

ஒருவர் காரணம் கேட்டார். கேப் மாட்டும் முனையில் உள்ள ஓட்டை ஊசித் துவாரம். கரிமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கசடாகத்தான் மிஞ்சும், அந்தக் கசடு ஈரத்தை இழுக்கும். மழைக்கால மலையடிவாரத்தில் துவாரம் அடைபடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தாத்தா ஒவ்வொரு முறையும் கோணி தைக்கும் ஊசியால் குத்திவிடுவார், வெந்நீர் ஊற்றிக் கழுவுவார். அப்படியும் அவள் செவிடிதான்.

இதில்தான் எனக்கு ஒன்று தோன்றுகிறது. குறை இல்லாத துப்பாக்கிக்கு யாரும் பேர் வைக்க மாட்டார்கள். தோட்டா போட்டால் வெடிக்கும் துப்பாக்கியோடு பேச என்ன இருக்கிறது? இழுத்துப் பறித்து, ஊதி, இடித்து, கெஞ்சி வெடிக்க வைக்கிற ஒன்றைத்தான் மனுஷன் திட்டுவான். திட்டுவதற்குப் பேர் வேண்டும். எங்கள் ஊரில் உழவு மாட்டுக்குப் பேர் உண்டு, டிராக்டருக்குக் கிடையாது. டிவிஎஸ் 50-க்கு உண்டு, ஏனென்றால் அது உதைத்தால்தான் கிளம்பும்.

11 மார்ச், இரவு

கொழும்பிலிருந்து ஒரு நண்பர்: வன்னிப் பக்கம் இந்த வகைக்கே 'இடியன்' என்றுதான் பெயராம், இடியன் துவக்கு. மருந்தை இடித்து இறுக்குவதால் இடியன். என்ன அழகான சொல்! நான் 'வாய்வழி கெட்டிக்கும்' என்று முக்கி முனகிக்கொண்டிருந்தேன். இனி நானும் இடியன் என்றே எழுதப்போகிறேன். ஆனால் இடியன் என்பது வகைப்பெயர், ஆள்பெயர் இல்லை. செவிடி ஒருத்திதான், இடியன்கள் ஆயிரம்.

இதே சந்தேகத்தை இங்கிலாந்துப் படையின் 'பிரவுன் பெஸ்' மேலும் வைக்கலாம். கட்டபொம்மன் காலத்தில் கம்பெனிப் படை இங்கே தூக்கி வந்தது அந்தக் குடும்பத்துத் துப்பாக்கிதான். பெஸ் என்றால் எலிசபெத்தின் செல்லப்பெயர், ஆனால் அந்தப் பெயர் லட்சக்கணக்கான துப்பாக்கிகளுக்குப் பொது. 1785-ல் வந்த இங்கிலீஷ் கொச்சைச்சொல் அகராதியில் 'பிரவுன் பெஸ்ஸைக் கட்டிக்கொள்வது' என்றால் சிப்பாயாகச் சேர்வது என்று போட்டிருக்கிறது. முதலாம் எலிசபெத் ராணியின் பெயர்தான் இது என்று சொல்லித் திரிபவர்கள் இங்கேயும் வருவார்கள். அந்த அம்மாள் செத்து ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு வந்த துப்பாக்கி அது. முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

13 மார்ச்

பீரங்கிக்கு வராமல் இருக்க முடியாது, எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். பீரங்கியும் இடியன்தான், பெரிய இடியன். ('பீரங்கி' என்ற சொல்லே பரங்கியிலிருந்து வந்தது. ஆயுதத்துக்குப் பதில் அதைக் கொண்டுவந்தவனின் பெயரை வைத்துவிட்டோம்.)

தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் இருப்பது ராஜகோபாலன். ரகுநாத நாயக்கர் காலம். மன்னார்குடி ராஜகோபாலசுவாமி நாயக்கர்களின் இஷ்ட தெய்வம் என்பதால் பெயரைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. சுமார் ஏழரை மீட்டர் நீளம், எடை சுமார் 22 டன். பலரும் வார்ப்பு என்கிறார்கள். வார்க்கவில்லை. நீள நீளமான இரும்புப் பட்டைகளைப் பீப்பாய்போல அடுக்கி, மேலே வளையம் வளையமாகச் சுடச்சுட மாட்டி அடித்து இணைத்தது. கிட்டப் போனால் வளையங்களை எண்ணலாம். நான் எண்ண ஆரம்பித்தேன், பாதியில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்து கணக்கு போய்விட்டது.

பீஜப்பூரில் மாலிக்-இ-மைதான், களத்தின் தலைவன். 1549-ல் வார்த்தது, 55 டன். வாய்ப்பக்கம் சிங்கம் யானையை விழுங்குகிற மாதிரி. 1854-ல் ஏலம் போட்டார்கள், 150 ரூபாய்க்குக் கேட்டார்கள், நல்லவேளையாக விற்கவில்லை. களத்தின் தலைவனுக்கு 150 ரூபாய்!

13 மார்ச், சற்று நேரம் கழித்து

பெயர்களைப் பாருங்கள். இங்கே ராஜகோபாலன், மாலிக், சங்கிராம், ஆணும் போரும். அங்கே பெஸ், பெட்சி, எடின்பரோவில் மான்ஸ் மெக், பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் 'பைத்தியக்கார மெக்' என்று பொருள்படும் டுல்லே கிரீட். எல்லாம் பெண்கள், அதிலும் வாயாடிப் பெண்கள். மெக் 1680 வாக்கில் இளவரசருக்கு மரியாதை வேட்டு போடும்போது குழல் வெடித்து ஓய்ந்தாள். நாங்கள் சாமி பேர் வைத்தோம், அவர்கள் அத்தை பேர் வைத்தார்கள்.

14 மார்ச்

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. 'இங்கே ஆண், அங்கே பெண்' என்று கோடு கிழித்துவிட்டு என் வீட்டுச் செவிடியையே மறந்திருக்கிறேன். பினாங்கிலும் ஒருத்தி இருக்கிறாள். கார்ன்வாலிஸ் கோட்டையில் ஸ்ரீ ரம்பை, 1603-ல் டச்சுக்காரர் வார்த்தது. பிள்ளை வேண்டும் பெண்கள் அவள் வாயில் பூ வைப்பார்கள். நம்மூர் ஆட்கள் போய்ப் பார்த்துவிட்டு இந்திரலோகத்து ரம்பை என்று மகிழ்கிறார்கள். மலாய் மொழியில் ரம்பை என்று ஒரு பழமும் உண்டு, கொத்தாய்க் காய்க்கும். ஊர்வசிக்குச் சொந்தமா, பழக்கடைக்குச் சொந்தமா என்று பினாங்குக்காரர்கள் முடிவு செய்யட்டும்.

ஆக, கோடு ஆண்-பெண் என்று ஓடவில்லை. பெரியவர்கள் கூட்டம் கூட்டி வைத்த பெயர், கூட இருந்தவன் வாயில் வந்த பெயர் என்று ஓடுகிறதோ?

16 மார்ச், இரவு

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். சித்தப்பா மகன் போன் பண்ணினான். செவிடி இப்போது அவன் பெயரில் இருக்கிறாள். லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். "அண்ணே, பேரைக் கேட்டா சொல்லவா?" என்று சிரிக்கிறான். ரசீதில் ஒற்றைக்குழல், எண், உரிமையாளர் பெயர், அவ்வளவுதான் இருக்கும் என்றேன்.

போனை வைத்த பிறகு ஞாபகம் வந்தது. அக்பரின் துப்பாக்கிகளில் என்னென்ன பொறிப்பார்கள் என்று அபுல் ஃபசல் சொல்கிறார்: இரும்பின் எடை, அது வந்த இடம், செய்த கொல்லன், செய்த ஊர், தேதி, எண். இதுவும் கிட்டத்தட்ட நம் லைசென்ஸ் புத்தகம்தான். அதனால் 'சங்கிராம்' ஆட்கள் வாயில் புழங்கிய பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. நான் அதை ராஜா வைத்த பெயர் என்ற பக்கம் தள்ளியது அவசரம்.

19 மார்ச்

அத்தையிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பத்து நாளாக இங்கே நான் கட்டிய கோட்டை சரிந்தது.

"கேப்பு வெடிக்காததுக்கா செவிடி? யாரு சொன்னா உனக்கு? அப்பாவுக்கு வலது காது போனது அந்தச் சனியனாலதான்டா. கன்னத்துல வச்சு வச்சு வெடிச்சு, நாப்பது வயசுலயே கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. ஆத்தாதான் சொல்லும், செவிடனும் செவிடியும் காட்டுக்குக் கெளம்பிட்டாகன்னு. வேறென்ன சொல்லும், ராத்திரி பூரா அவளோடதானே காவலுக்குக் கெடந்தாரு."

ஆக, பெயர் வைத்தது அப்பத்தா. தாத்தா வைக்கவே இல்லை. துப்பாக்கியைத் தொடாத அப்பத்தா, ஒரு சக்களத்திக்கு வைத்த பெயர்.

19 மார்ச், இரவு

தூக்கம் வரவில்லை. தாத்தா வாயிலிருந்து 'செவிடி' என்று நான் கேட்டிருக்கிறேனா? யோசித்தால் இல்லை. அவர் 'சாமானை எடு' என்பார். சாமான். அவ்வளவுதான். கேப் போகாதபோது 'செவிடி' என்று சிரித்தது சித்தப்பா. அப்பத்தாவின் கேலியை எடுத்து, அதற்குப் புதுக் காரணம் மாட்டி, எங்களுக்குக் கொடுத்தவர் அவர்தான். இரண்டு சிறுத்தைக் கதைக்கும் அவரே ஆசிரியர் என்பதை நினைவில் வைக்கவும்.

11-ம் தேதி எழுதியதில் பாதி நிற்கும். இழுத்தடிக்கிற சாமானுக்குத்தான் பேர் என்பது சரிதான், ஆனால் அந்தப் பேரைக் கையில் வைத்திருப்பவன் வைப்பதில்லை. அவனுக்கு அது சாமான். திண்ணையில் காத்திருப்பவர்கள்தான் வைக்கிறார்கள்.

20 மார்ச்

எதிர்க்கட்சி வந்துவிட்டது. "டேவி கிராக்கெட்டே பெட்சி என்றாரே?" என்கிறார் கேட்டவர். ஒப்புக்கொள்கிறேன். 1834-ல் பிலடெல்பியாவில் அவருடைய அரசியல் ஆதரவாளர்கள் நல்ல வேலைப்பாட்டோடு ஒரு துப்பாக்கி பரிசு கொடுத்தார்கள், அதுதான் 'அழகிய பெட்சி'. ஏற்கெனவே ஒரு பழைய பெட்சி இருந்ததால் இது அழகியவள். எங்கள் பக்கத்து வீட்டில் புது மருமகள் வந்ததும் பழைய மருமகள் 'பெரியவ' ஆன மாதிரி. ஆனால் கிராக்கெட் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர், மேடைப் பேச்சாளர், தன் கதையைத் தானே விற்றவர். துப்பாக்கியைப் பேர் சொல்லி அழைப்பது அவருக்கு வேட்டை இல்லை, ஓட்டு.

இது கொஞ்சம் அநியாயமான வாதம் என்று தெரிகிறது. இருக்கட்டும்.

22 மார்ச்

மகாபாரதத்தை ஏன் யாரும் எடுக்கவில்லை என்று ஒருவர் கோபப்பட்டார். நியாயம். அர்ஜுனன் வில் காண்டீபம். வில்லை விடுங்கள், சங்குக்கே ஆளுக்கொரு பேர்: கண்ணனுக்குப் பாஞ்சசன்யம், அர்ஜுனனுக்குத் தேவதத்தம், பீமனுக்குப் பௌண்டரம். ஊதுகிற சங்குக்குப் பேர் வைத்த நாட்டில் துப்பாக்கிக்குப் பேர் இல்லை என்று ஆரம்பித்ததே தப்பு. கேட்டவர் இதற்கு லைக் போட்டுவிட்டு மௌனமாகிவிட்டார்.

23 மார்ச்

குடகு நண்பர் எழுதியிருப்பதையும் சேர்க்கிறேன், ஏனென்றால் இது தலைகீழ். செப்டம்பர் 3 வாக்கில் கைல்போத், அவர்களுடைய ஆயுதத் திருவிழா. துப்பாக்கிகளைத் துடைத்துச் சாமி அறையில் வைத்துக் கும்பிடுவார்கள், 'தோக் பூ' சூட்டுவார்கள். தோக் என்றால் குடகு மொழியில் துப்பாக்கி. பூ எது என்று பார்த்தால் நம் செங்காந்தள்! துப்பாக்கிக்குப் பூவின் பேர் வைக்காமல் பூவுக்குத் துப்பாக்கியின் பேர் வைத்திருக்கிறார்கள். காந்தளைப் பெண்ணின் விரலுக்கு உவமை சொன்ன நம் பழைய புலவர்கள் கேட்டால் என்ன ஆவார்களோ.

அவர்கள் வீட்டுத் துப்பாக்கிக்குத் தனிப் பேர் உண்டா என்று கேட்டேன். "எங்க தாத்தாவோடது" என்றார். அதுவே பேர்.

9 ஜூன்

இரண்டரை மாதம் கழித்து வருகிறேன். தேர்தல் முடிந்தது, நடத்தை விதி விலகியது, தம்பி நேற்று செவிடியை மீட்டு வந்தான். எந்த ஸ்டேஷன் என்று வேண்டாம். மூலையில் விறகுபோலச் சாய்த்து வைத்திருந்தார்களாம், கட்டியிருந்த அட்டைகளில் பாதி எலி தின்றிருக்கிறது. எண்ணைத் தேடினால் குழல்மேல் துரு. ஏழெட்டு இடியன்கள் ஒரே மாதிரி. கடைசியில் கட்டையில் சுற்றியிருந்த பித்தளைக் கம்பியை வைத்துக் கண்டுபிடித்தான். 1970-களில் கட்டை விரிந்தபோது தாத்தா சுற்றியது.

"எப்படிப்பா அடையாளம் சொல்ற?" என்று ஏட்டையா கேட்டிருக்கிறார். இவன் கம்பியைக் காட்டாமல், "செவிடி சார் இது" என்றானாம். அவர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம், தன்னைச் சொல்கிறானோ என்று.

9 ஜூன், சற்று நேரம் கழித்து

அத்தைக்கு இந்தக் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "கம்பி சுத்துனது அப்பா இல்லடா, ஆத்தா. குத்துவிளக்குக்கு வாங்குன கம்பி" என்றார்.

10 ஜூன்

தம்பி செய்தி அனுப்பியிருக்கிறான். வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஊசி குத்தி, நேற்று ராத்திரி வாழைக்குள் சத்தம் கேட்டதும் வெறும் மருந்து கெட்டித்துப் பார்த்திருக்கிறான். ரெண்டு கேப் போச்சு, மூணாவதுக்கு வெடிச்சா, பன்னி அதுக்குள்ள பாதி தோப்பைத் தின்னுட்டுப் போயிடுச்சு.